இரண்டு கையெழுத்துப் பங்கு

குற்றாலம்
20.1.2025

அன்புத் தம்பி பாண்டிராஜுக்கு அக்கா சங்கரேஸ்வரி எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றபடி நான் சுகம். வடக்கே வசாயில் நீயும் இசக்கிச்செல்வியும் சுகம்தானா?

பொங்கலுக்கு நாலு தடவை போன் போட்டேன். நாலு தடவையும் உன் பெண்டாட்டி எடுத்து, "அவுக குளிக்காக மதினி" என்றாள். நீ எப்போதிலிருந்து அவ்வளவு சுத்தமானாய்? சரி, எழுதித் தொலைப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இஸ்மாயில் பாய் கட்டடத்தை விற்கப்போகிறார். இருபத்திரண்டு வருஷமாக நான் வாடகைக்கு மெஸ் நடத்தும் அதே கட்டடம்தான். அவருடைய மகன் தோஹாவிலிருந்து அவசரப்படுத்துகிறானாம். கேட்கிற விலையைக் கொடுக்கப் புனலூர்க்காரன் ஒருவன் தயாராக நிற்கிறான். பாய் நல்ல மனிதர், எனக்கு முதல் உரிமை கொடுத்திருக்கிறார். "தங்கச்சி, ஆடி முடியுத வரைக்கும் பொறுக்கேன். அதுக்கு மேல எம்மவன் கேக்க மாட்டான்" என்றார். என் நகை, சீட்டுப் பணம் எல்லாம் சேர்த்தாலும் பாதிதான் வருகிறது. மீதிக்கு அப்பா விட்டுப்போன தென்கடல் பெட்ரோலியம் பங்குகள்தான் வழி.

தென்காசி பங்குக்கடை மந்திரமூர்த்தியிடம் விசாரித்தேன். இது கடலில் கிணறு போட்டு எண்ணெய் எடுக்கிற கம்பெனி. கச்சா எண்ணெய் விலை ஏறினால் இதுவும் ஏறுமாம், இப்போது ஏறித்தான் இருக்கிறதாம். "அக்கா, ரெண்டு கையெழுத்தும் இருந்தா மத்தியானத்துக்குள்ள வித்துத் தந்திருவேன். ஆனா கையெழுத்து பழசு மாதிரியே இருக்கணும். கொஞ்சம் மாறுனாலும் திருப்பிருவாங்க" என்றான். பங்கு நம் இருவர் பெயரிலும் அல்லவா கிடக்கிறது. அப்பா வேண்டுமென்றே செய்த வேலை. "ஒருத்தர் இல்லாம ஒருத்தர் விக்க முடியாதுல்லா, அப்பமாவது பேசிக்கிடுவிய" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

பங்கை விற்க மந்திரமூர்த்தி கொடுத்த சிலிப்பில் நான் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நீயும் போட்டு மறு தபாலில் அனுப்பு. உன் பாதி உனக்கு வரும். அதில் கொஞ்சம் எனக்குக் கைமாற்றாகக் கொடுத்தால் சந்தோஷம், கொடுக்காவிட்டாலும் சமாளிப்பேன்.

உன் அக்கா
சங்கரேஸ்வரி


வசாய்
18.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் முழங்காலைக் கவனித்துக்கொள்.

போன் வேண்டாம் அக்கா. பேசினால் இருவருக்கும் கோபம் வந்துவிடுகிறது. எழுதுவோம். என் கையெழுத்தைக் கோழி கிளறியது என்பாய், அதனால் கம்ப்யூட்டரில் அடித்திருக்கிறேன்.

பங்கை இப்போது விற்க வேண்டாம். ரஷ்ய எண்ணெய்க்குத் தடை போட்டிருக்கிறார்கள். விலை இன்னும் ஏறும். அவசரப்பட்டால் நஷ்டம். மார்ச் முடியட்டும், பார்ப்போம்.

நலம்.
பாண்டிராஜ்


குற்றாலம்
26.2.2025

தம்பிக்கு,

இங்கே குளிரும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஐந்தருவி வெறும் பாறையாக நிற்கிறது. நான் இருக்கிறேன்.

உன் கடிதம் கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி வந்தது. கீழே பெயரைக்கூட மிஷினே போட்டிருக்கிறது. அக்காவுக்கு ஒரு கையெழுத்துப் போடக்கூட உனக்கு நேரமில்லையா?

"மார்ச் முடியட்டும்." இதை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன். அப்பா வாதத்தில் விழுந்தபோது முதல் வருஷம் சொன்னாய். கம்பெனிக் கணக்கு முடிக்கணும், மார்ச் முடிந்ததும் வருகிறேன் என்றாய். ஏழு மார்ச் முடிந்தது, அப்பாவும் முடிந்தார்.

எண்ணெய் வியாபாரம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. மண்ணெண்ணெய் டிப்போ வைத்திருந்தவர் மகள் நான். சீசன் வியாபாரம் அதைவிட நன்றாகத் தெரியும். சாரல் விழுந்த அன்றைக்கே அடுப்பை மூட்டணும். இன்னும் நல்லா விழட்டும், கூட்டம் இன்னும் வரட்டும் என்று பார்த்திருந்தவன் எல்லாம் ஆடியில் ஈ ஓட்டினான். எண்ணெய் விலையும் எனக்கு அப்படித்தான் படுகிறது. அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது?

பங்குக்கடையில் தினமும் ஒரு கூட்டம் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ரிட்டயர்டு வாத்தியார் இரண்டு பேர், பாவூர்சத்திரத்து அரிசி வியாபாரி ஒருவர். எல்லாரும் நம் கம்பெனிப் பங்கு வைத்திருக்கிறார்கள். போன வாரம் அரிசிக்காரர் பாதியை விற்றுவிட்டார். "வித்தவன் கெட்டதில்ல தாயி, பாத்துக்கிட்டு இருந்தவந்தான் கெட்டான்" என்று என்னிடம் சொன்னார். உன்னைச் சொன்ன மாதிரியே இருந்தது.

சிலிப்பை அனுப்பு.

சங்கரேஸ்வரி


வசாய்
12.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய வேண்டும். பதில் தாமதமாகிவிட்டது.

அமெரிக்கா வரி போட்டதில் உலகம் முழுக்கச் சந்தை விழுந்துவிட்டது. எண்ணெய் அறுபது டாலர் பக்கம் வந்துவிட்டது. இந்த விலைக்கு யாராவது விற்பார்களா? கீழே கிடக்கும்போது விற்பது மடமை. திரும்ப ஏறும்போது நானே சொல்கிறேன்.

சிலிப்பை எங்கோ வைத்துவிட்டேன். தேடுகிறேன்.

நலம்.
பாண்டிராஜ்


குற்றாலம்
17.4.2025

தம்பிக்கு அக்கா எழுதுவது. என் சுகத்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

ஏறினால் இன்னும் ஏறும், விற்காதே. இறங்கினால் நஷ்டம், விற்காதே. அப்படியானால் எண்ணெய் எந்தக் கிழமையில் விற்கலாம் என்று ஜோசியரைக் கேட்டு எழுது. ஜனவரியில் நீ கையெழுத்துப் போட்டிருந்தால் இந்நேரம் பாய்க்கு முன்பணம் கொடுத்திருப்பேன். பங்குக்கடையில் எல்லார் முகமும் செத்துக் கிடக்கிறது. வாத்தியார் ஒருவர் டிவியை அணைக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். அரிசிக்காரர் மட்டும் தெம்பாக வடை தின்றுகொண்டிருந்தார்.

பாண்டி, நான் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள். இந்தப் பங்கு நம் பெயருக்கு வந்த நாளில் நீ ஊரில் இல்லை. அப்பாவுக்கு வலது கை விழுந்து இரண்டாவது வருஷம். பெர்மிட் தாளில் எப்படிக் கையெழுத்துப் போடுவார், பெயருக்குக் கீழே சுழித்து ஒரு கோடு இழுப்பாரே, அந்த மனிதரின் பெருவிரலைப் பிடித்து மையில் தொட்டுத் தாளில் வைத்து அழுத்தியது நான்தான். "கைநாட்டு ஆக்கிட்டியே ஏட்டி" என்று குழறிக்கொண்டே அழுதார். அவரைத் துடைத்துவிட்டு, மெஸ்ஸுக்கு வந்து இட்லி ஊற்றினேன். நீ மாதம் ஒரு தரம் போனில் "அப்பா நலமா?" என்று கேட்டாய்.

இந்த மெஸ் மட்டும்தான் எனக்கு இருக்கிறது. உன் அத்தான் போன பிறகு நான் யாரிடமும் கை நீட்டாமல் இருப்பது இதனால்தான். புனலூர்க்காரன் வாங்கினால் இடித்து லாட்ஜ் கட்டுவான். எனக்கு வயது அறுபத்து மூன்று. புதிதாக ஒரு இடத்தில் அடுப்புக் கட்ட முடியாது.

இன்னொரு சிலிப் வைத்திருக்கிறேன். இதையும் தொலைக்காதே.

சங்கரேஸ்வரி


குற்றாலம்
16.6.2025

பாண்டிராஜுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. உயிரோடுதான் இருக்கிறாய் என்று இசக்கிச்செல்வி போனில் சொன்னாள். "நல்லாத்தான் இருக்காக மதினி" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. நீ சொல்லச் சொன்னதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாதா?

சீசன் இந்த வருஷம் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுகிறது, குளிக்க விடாமல் கயிறு கட்டியிருக்கிறார்கள். குளிக்க முடியாத கூட்டம் முழுக்கச் சாப்பிட வருகிறது. நிற்க நேரமில்லாமல் இதை எழுதுகிறேன் என்றால் காரியம் அப்படி.

வளைகுடாப் பக்கம் சண்டை மூண்டுவிட்டது. கப்பல் வழியை அடைத்துவிடுவார்கள் என்று பேச்சு. மூன்று நாளில் எண்ணெய் குபுகுபுவென்று ஏறியிருக்கிறது. மந்திரமூர்த்தி மெஸ்ஸுக்கே வந்துவிட்டான். "அக்கா, இதவிட நல்ல வெலை இனி எப்பம் வருமோ! ஒங்க தம்பிய நாளைக்கே கூரியர்ல போடச் சொல்லுங்க" என்று கெஞ்சினான். பங்குக்கடையில் வாத்தியார்கள் இருவரும் ஏவுகணை விழுகிற படத்தைப் பார்த்துக் கை தட்டினார்களாம்.

இஸ்மாயில் பாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. மகன் தோஹாவில் இருக்கிறான். சண்டை நிற்கணும் என்று பள்ளிவாசலில் துவா கேட்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? நேற்றுத் தென்காசிக் கோயிலுக்குப் போய், இன்னும் ஒரு வாரம் நீடிக்கட்டும், என் தம்பி கையெழுத்து வந்து சேருகிற வரைக்கும் நீடிக்கட்டும் என்று விசுவநாதரிடம் கும்பிட்டேன். கோபுர வாசலுக்கு வந்த பிறகுதான் நான் என்ன வேண்டினேன் என்று உறைத்தது. அந்த வாசல் காற்று முகத்தில் அறைந்தது. என் புத்தி இப்படிப் போனது உன்னால்தான்.

ஒரு கையெழுத்து. பத்து எழுத்துக்கூட இல்லை. அதைப் போட உனக்குக் கை வரவில்லை. அப்பாவுக்கு விழுந்த மாதிரி உன் கையும் விழுந்தால்தான் உனக்கு அதன் அருமை தெரியும்.

மூன்றாவது சிலிப் இது. கடைசி.

சங்கரேஸ்வரி


வசாய்
1.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

சண்டை நின்றுவிட்டது. எண்ணெய் இறங்கிவிட்டது. இஸ்மாயில் பாய் மகன் நன்றாக இருப்பான்.

நலம்.
பாண்டிராஜ்


குற்றாலம்
19.8.2025

பாண்டிராஜ் அவர்களுக்கு,

ஆடி முடிந்தது. கட்டடமும் முடிந்தது.

நேற்றுப் புனலூர்க்காரன் பத்திரம் பதிந்துவிட்டான். முந்தின நாள் இஸ்மாயில் பாய் மெஸ்ஸுக்கு வந்தார். எப்போதும் உட்காரும் மூலை மேசையில் உட்கார்ந்து டீயைக் குடிக்காமல் ஆறவிட்டார். "நான் ஒரு வாரங்கூடப் பொறுப்பேன் தங்கச்சி. ஆனா பொறுத்தா வந்துருமா, அதச் சொல்லு" என்றார். என்னால் வரும் என்று சொல்ல முடியவில்லை. உன்னை வைத்துக்கொண்டு யாருக்கு நான் வாக்குக் கொடுக்க? "வராது பாய்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். எனக்கு அழுகை வரவில்லை. ரசம் கொதித்துக்கொண்டிருந்தது, போய் இறக்கி வைத்தேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தாய். ஆனியில் சண்டை நடந்த நாட்களில் ஒரு நாள் போதும், என் அடுப்பு என் இடத்தில் எரிந்திருக்கும். எண்ணெய் விலை ஏறியது, இறங்கியது என்று எனக்குப் பாடம் எடுத்தாயே, நீ என்ன லாபம் பார்த்தாய்? உன் பாதியும்தானே கரைந்தது! உனக்கு நஷ்டமானாலும் பரவாயில்லை, அக்கா ஒரு இடத்துக்குச் சொந்தக்காரியாகக் கூடாது என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

அண்டா, குண்டா எல்லாவற்றையும் மேலகரத்தில் ஒரு அறை பிடித்து ஏற்றிவிட்டேன். புது விலாசம் பின்னால் இருக்கிறது. சிலிப் அனுப்புவதற்கு மட்டும் பயன்படுத்து. பங்கை விற்றுப் பிரித்துக்கொள்வோம். அதோடு அப்பா போட்ட முடிச்சும் அவிழட்டும். அதற்குப் பிறகு எனக்குத் தம்பி என்று யாரும் இல்லை.

ஆ. சங்கரேஸ்வரி


வசாய்
30.8.2025

மதிப்பிற்குரிய மதினிக்கு இசக்கிச்செல்வி வணங்கி எழுதுவது.

உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? எனக்கு நீளமாக எழுதி வழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பிக்குப் போன கார்த்திகையில் வலது கையும் காலும் விழுந்துவிட்டது. வாயும் கோணிவிட்டது. பேசினால் எனக்கே பாதிதான் விளங்கும். அதனால்தான் போனில் குளிக்காக, தூங்குதாக என்று பொய் சொன்னேன். உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று என் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். விழாத இடது கையின் ஒற்றை விரலால் கம்ப்யூட்டரில் தட்டித்தான் உங்களுக்குக் கடிதம் எழுதினார்.

நீங்கள் அனுப்பிய முதல் சிலிப்பில் இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பார்த்தார். வரவில்லை. இரண்டாவதையும் அப்படித்தான் கெடுத்தார். மூன்றாவதில் பேனாவை வைக்கவே பயந்தார். கைநாட்டு வைக்கலாம், வக்கீல் முன்னால் வைத்தால் செல்லும் என்று நான் விசாரித்து வந்து சொன்னேன். "வச்சா அக்காவுக்குத் தெரிஞ்சிரும்லா" என்றார். "தெரிஞ்சா என்ன?" என்றேன். "அப்பாவ ஏழு வருசம் அவ தூக்குனா. நான் ரெண்டு தடவ போயி, ரெண்டு தடவையும் ராத்திரி ரயிலுக்கே திரும்பிட்டேன். இப்பம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்லச் சொல்லுத?" என்றார்.

மதினி, அவர் லாபத்துக்கு ஆசைப்படவில்லை. காலையிலிருந்து டிவியில் எண்ணெய் விலையைத்தான் பார்ப்பார். ஏறினால் அவருக்கு வியர்த்துவிடும், இனி அக்காவுக்கு என்ன சொல்வது என்று. இறங்கினால் மூச்சு விடுவார், இன்னும் கொஞ்ச நாளைக்குச் சாக்குக் கிடைத்ததே என்று. சண்டை நடந்த அந்த நாட்களில் சாப்பாடே இறங்கவில்லை.

ஆனியில் நீங்கள் எழுதியதை நான்தான் வாசித்துக் காட்டினேன். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். அவர் கையைக் காட்டி வாங்கித் தானே வாசித்தார். "அக்கா தெரியாம எழுதிட்டா, விடு" என்றார்.

போன வாரம் உங்கள் கடிதம் வந்ததும் நான் சத்தியத்தை விட்டுவிட்டேன். வக்கீலை வீட்டுக்கே கூட்டி வந்தேன். இத்துடன் மூன்றாவது சிலிப்பும் டாக்டர் சான்றிதழும் இருக்கின்றன. இப்போது அனுப்பி என்ன பிரயோஜனம் என்று எனக்கும் தெரிகிறது. உங்கள் மெஸ்ஸுக்கு நாங்கள் என்ன பதில் சொல்ல முடியும்?

உங்கள்
இசக்கிச்செல்வி


மேலகரம்
19.9.2025

பாண்டி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு வாரம் போய்விட்டது. உன் சுகத்தை விசாரித்துத்தான் ஆரம்பிக்க வேண்டும், அதற்குத்தான் வாய் வரவில்லை.

சிலிப் வந்தது. மந்திரமூர்த்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ரேகை தெளிவா விழுந்திருக்கு" என்றான். பங்கு விற்றுவிட்டது. தையில் போன விலை இல்லை, ஆனி விலையும் இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். உன் பாதியை உன் கணக்கில் போட்டாயிற்று. என் பாதியில் ஒரு ரூபாய்கூட உனக்குத் தர மாட்டேன். அது அப்பாவைத் தூக்கியதற்குக் கூலி என்று வைத்துக்கொள்கிறேன்.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. நீ கார்த்திகையிலேயே ஒரு வரி சொல்லியிருந்தால் தையில் கைநாட்டு வாங்கி, தையிலேயே விற்று, என் அடுப்பை நான் காப்பாற்றியிருப்பேன். உன் மானத்துக்கு என் மெஸ்தான் கிடைத்ததா? நேற்றுப் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். கூரையை இறக்கிவிட்டார்கள். சாம்பார் தெறித்த மஞ்சள் சுவர் மட்டும் வெயிலில் நின்றது. பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டேன்.

ஆனியில் நான் எழுதியதும் இருக்கிறது. தபாலில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. தெரிந்து எழுதவில்லை என்று நீயே சொல்லிவிட்டாயாம். நீ சொல்லிவிட்டாய், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

என்னை அங்கே வரச் சொல்லாதே. அப்பாவை அந்தக் கோலத்தில் பார்த்தது இந்த ஜென்மத்துக்குப் போதும். இசக்கிச்செல்வியிடம் சொல், தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அக்குளுக்குக் கீழே கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். அப்பாவுக்கு முதல் மாதம் நான் அது தெரியாமல் தோளைக் கெடுத்துவிட்டேன். படுக்கும்போது அந்தக் கைக்கு ஒரு தலையணை வைக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன். அப்பாவின் விரலை நான் பிடித்து வைத்தேன். உன் விரலை யார் பிடித்தது? வக்கீலா, அவளா?

இவ்வளவு நாள் நலம், நலம் என்று அடித்து அனுப்பினாயே, அந்த வார்த்தையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இனி நலம் என்று எழுதாதே. நடக்கிறாயா, விழுகிறாயா, அதை எழுது.

அக்கா


வசாய்
6.10.2025

அக்கா,

நலமில்லை.

விரலை யாரும் பிடிக்கவில்லை. நானே வைத்தேன்.

இது மிஷின் இல்லை. இடது கை எழுத்து.

பாண்டிராஜ்